கறை தங்காத வெள்ளைக் கார்

வாடகைக் காரில் ஏறி உட்காரும்போது நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள், சொல்லுங்கள்? ஏசி வருகிறதா, பாட்டுப் பெட்டி பாடுகிறதா, டிரைவர் முகம் எப்படி இருக்கிறது, இவ்வளவுதானே? நான் சீட்டுக்கும் சாய்மானத்துக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் விரலை விட்டுப் பார்ப்பேன். ஒரு முறுக்குத் துண்டு, ஒரு ஹேர்பின், காய்ந்துபோன ஒரு பிச்சிப்பூ, ஏதாவது ஒன்று விரலில் பட்டால் எனக்கு நிம்மதி. எனக்கு முன்னால் யாரோ ஒருத்தி இதில் உட்கார்ந்தாள், முறுக்குத் தின்றாள், முழுசாக இறங்கி வீட்டுக்குப் போனாள் என்று அர்த்தம். விரலில் ஒன்றுமே படவில்லை என்றால் நான் ஏற மாட்டேன். இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு கூடையும் இருந்தாலும் சரி, வெயில் மண்டையைப் பிளந்தாலும் சரி, பஸ் வரட்டும் என்று நின்றுவிடுவேன்.

அப்படி நிற்க வைத்தது குத்தாலிங்கம் அண்ணாச்சியின் வெள்ளைக் கார்தான்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் அண்ணாச்சிக்கு டிராவல்ஸ் இருந்தது, ஒன்பது காரும் ஒரு பழைய வேனும். பின்னால் தகரக் கொட்டகை போட்டு வண்டி கழுவுகிற இடம். அங்கே நானும் பகவதி அக்காவும் வேலை பார்த்தோம். கொட்டகை உத்தரத்தில் சேலைத் தொட்டில் கட்டி என் மகள் முத்தரசியைப் போட்டிருப்பேன், அவள் தூங்குகிற நேரத்தில் நாங்கள் வண்டிகளின் வயிற்றைத் திறந்து உலகத்து அழுக்கையெல்லாம் வெளியே எடுப்போம். குற்றாலத்துக்கு வாடகைக் கார் ஓடுவது என்றால் சும்மா இல்லை. தலை நிறைய எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றுவிட்டு ஈரத் துணியோடு ஏறுவார்கள், எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்து சீட்டுப் பஞ்சுக்குள் இறங்கி மூன்றாம் நாள் ஊறுகாய் ஜாடி மாதிரி வாடை வரும், மலைப்பாதையில் வண்டி வளைந்து வளைந்து போய்ப் பிள்ளைகள் வாந்தி எடுக்கும், ரம்புட்டான் தோலும் மிக்சரும் குரங்குக்கு வாங்கிய கடலையும் கால் மிதியடிக்குக் கீழே கிடக்கும். நாங்கள் ஷாம்பு போட்டு, பிரஷ் போட்டு, வெயிலில் சீட்டைக் கழற்றிக் காயவைத்து, மறுபடி மாட்டி அனுப்புவோம். மறுநாள் அதே கதை. இதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. பிள்ளை வளர்க்கிறவளுக்கு அழுக்கு என்ன புதுசா?

அந்த வருஷம் அண்ணாச்சி தன் கார்களை வடக்கே ஒரு பெரிய கம்பெனியோடு சேர்த்துவிட்டார். போனில் தட்டினால் கார் வருகிற கம்பெனி. அவர்கள் நாற்பத்திரண்டு கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுத்தார்கள், ஒவ்வொரு கட்டத்திலும் டிக் விழ வேண்டும். டயர் பல், பிரேக் எண்ணெய், வைப்பர், விளக்கு எல்லாம் அதில் இருந்தது. கடைசிக் கட்டத்தில் மட்டும் தமிழிலேயே எழுதியிருந்தது: முன்னால் பயணம் செய்தவர் ஒருவர் இருந்தார் என்பதற்கான தடயமே வண்டிக்குள் இருக்கக்கூடாது.

சோதனை போட ஒருத்தர் வந்தார், இஸ்திரி போட்ட சட்டை, கையில் வெள்ளைக் கைக்குட்டை. எட்டுக் காருக்கு டிக் போட்டார். அந்த ஒரு வெள்ளைக் காருக்கு மட்டும் மூன்று தடவை வந்து மூன்று தடவையும் முகம் சுழித்தார். மூன்றாவது தடவை அவர் வந்த நாள் ஆயுத பூசை. வண்டிகளுக்கெல்லாம் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, மாலை போட்டு வரிசையாக நிறுத்தியிருந்தோம். அவர் வெள்ளைக் காரின் முகப்பில் இருந்த பொட்டைக் கைக்குட்டையால் தொட்டு, சிவந்த துணியை அண்ணாச்சியின் கண்ணுக்கு நேரே நீட்டினார்.

"இதும் கறைதான் சார்."

அண்ணாச்சிக்கு மீசை துடித்தது, ஆனால் கம்பெனி ஆள். என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏ உலகு, துடைச்சு விட்டுரு."

"அண்ணாச்சி, பூசை போட்ட பொட்டு..."

"துடைங்கேன்லா!"

என் பெயர் உலகம்மை. துடைத்தது இந்தக் கைதான். ஈரத் துணியை எடுத்து, நெற்றியில் இருந்து பொட்டை அழிக்கிற மாதிரி அழித்தேன். பகவதி அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். வந்தவர் டிக் போட்டுவிட்டு, சுண்டலும் பொரியும் வாங்கிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து அந்தக் கார் அழுக்காகவில்லை.

முதல் சவாரி அம்பாசமுத்திரம் பக்கம், வயல் வரப்பு வழியாக, நல்ல மழை. வண்டி திரும்பி வந்தபோது சக்கரத்தில் சேறு இல்லை. அதை ஓட்டுகிற சொரிமுத்து மாமா, ஐம்பது வயது ஆள், இறங்கி வந்து, "தாயி, நீ இன்னைக்குச் சும்மா இரி, இதுல கழுவ ஒண்ணுமில்ல," என்றார். மறுநாள் ஒரு கல்யாணக் கூட்டம், ஏழு பேர், பிரியாணிப் பொட்டலத்தோடு ஏறி வந்தார்கள். ஒரு சோற்றுப் பருக்கை இல்லை. கார்த்திகை பிறந்து மாலை போட்ட சாமிமார் வந்தார்கள். நெய் கொட்டினார்கள், விபூதி கொட்டினார்கள், கேரளத்துச் செம்மண்ணைக் காலில் அப்பிக்கொண்டு வந்தார்கள். கார் கடையிலிருந்து இறக்கியது மாதிரியே வந்து நின்றது. பகவதி அக்காதான் முதலில் கும்பிட்டாள். "ஏட்டி, நம்ம முதுகு வலிய ஆத்தா பாத்துட்டா," என்றாள். நானும் கும்பிட்டேன். ஒரு வண்டி குறைந்தால் முத்தரசியோடு அரை மணி நேரம் கூட இருக்கலாம், கும்பிட மாட்டேனா?

ஆனால் காக்கா மற்ற எட்டுக் காரிலும் எச்சம் போட்டது, இதில் போடவில்லை. எறும்பு வரிசை கொட்டகைச் சுவரோரமாக வந்து, அந்தக் காரின் நிழல் தொடங்குகிற இடத்தில் வளைந்து, சுற்றிக்கொண்டு போனது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, தண்ணீர்க் குழாயை மூடப் போய்விட்டேன்.

ஊர் அந்தக் காருக்குச் சீக்கிரம் பழகிக்கொண்டது. அதில் ஏறினால் சட்டைக் கறை போகிறது என்று முதலில் தெரிந்தது, அதனால் ஹோட்டல்காரர்கள் மேசைத் துணியை மூட்டையாகக் கட்டி டிக்கியில் போட்டு ஒரு சுற்றுப் போய் வந்தார்கள். பிறகு மணப்பெண்ணின் அலங்காரமும் போகிறது என்று தெரிந்தது. பியூட்டி பார்லர்காரி சண்டைக்கு வந்து, கத்தி, கடைசியில் ஆட்டோ பிடித்துக் காருக்குப் பின்னாலேயே போய் மண்டப வாசலில் வைத்து மறுபடி பூசிவிடுவது என்று முடிவானது. கோயிலில் விபூதித் தட்டை வெளிவாசலுக்கு மாற்றினார்கள், அந்தக் காரில் வந்து இறங்குகிறவர்கள் வெறும் நெற்றியோடு உள்ளே வரக்கூடாதே. பிறகு மச்சம் போனது, தேமல் போனது, பாலுண்ணி போனது. பெண் பார்க்க வருகிற வீட்டுக்குத் தரகரே காரைச் சொல்லி அனுப்பினார். வேண்டாத பெயரைப் பச்சை குத்தி வைத்திருந்த ஆண்கள் எல்லாம், எதற்குப் போகிறோம் என்று சொல்லாமல், ஆழ்வார்குறிச்சிக்கு ஒரு அவசரம், கடையத்துக்கு ஒரு அவசரம் என்று ஏறினார்கள். இறங்கும்போது முழங்கையைத் தடவிப் பார்த்துச் சிரித்தார்கள். அடிக்கடி ஏறினவர்களுக்கு விரல் ரேகை போனது. ரேஷன் கடை மெஷின் அவர்களைத் தெரியாது என்று சொல்லிவிட்டது. கடைக்காரர் கோபப்படவில்லை. "வெள்ளைக் கார் ஆளா? அந்த வரிசையில நில்லுங்க, கண்ணக் காட்டுங்க," என்று தனி வரிசை வைத்துவிட்டார். எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை வைத்துவிட்டால் மனுஷனுக்குப் பயம் போய்விடுகிறது.

எனக்குப் பயம் வந்தது முத்தரசிக்குத் தடுப்பூசி போடப் போன அன்றைக்கு. அண்ணாச்சியே, "வெயில்ல பிள்ளையத் தூக்கிட்டு ஏன் நடக்க, வண்டி சும்மாதான நிக்குது," என்று அனுப்பினார். போய் வந்தோம். இறங்கிப் பார்த்தால் பிள்ளை கன்னத்தில் வைத்த கண்மைப் பொட்டு இல்லை, அது போகட்டும், தெரிந்த கதைதான். தொடையில் ஊசி போட்ட புள்ளியும் இல்லை. பால் கொடுக்க மடியில் போட்டேன், பிள்ளை என் நெஞ்சில் மூக்கை வைத்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டது, யாரோ ஒரு வேற்று மனுஷியைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்து வீறிட்டது. நான் பிள்ளையின் உச்சியை மோந்தேன். பால் வாடை இல்லை, எண்ணெய் வாடை இல்லை, பிள்ளை வாடையே இல்லை. கழுவிக் கவிழ்த்த தட்டை மோந்த மாதிரி இருந்தது. என் சேலையை மோந்தேன், என் கையை மோந்தேன். நானும் அப்படித்தான் இருந்தேன். இரண்டு நாள் அவள் பால் குடிக்கவில்லை, சங்கில் தண்ணீர் ஊற்றினேன், நான் குளிக்காமல் வெயிலில் நின்று எட்டு வண்டியையும் வியர்க்க வியர்க்கக் கழுவினேன். மூன்றாம் நாள் என் வாடை எனக்குத் திரும்பியது. முத்தரசி மோந்தாள், யோசித்தாள், பிடித்துக்கொண்டாள். அழுதுகொண்டே சிரித்தேன், பகவதி அக்காவும் சிரித்தாள்.

"அடி கூறுகெட்டவளே, ஊரே வாடை போகணும்னு சோப்பு வாங்குது. நீ நாத்தம் வரணும்னு வெயில்ல நிக்க."

"நம்ம வாடைதானக்கா நாம?"

"நீ சொல்லுதத அண்ணாச்சி கேட்டா, வாடையும் போகுதுன்னு கம்பெனித் தாள்ல இன்னொரு டிக் போடுவாரு."

அன்றிலிருந்து நான் அந்தக் காரில் ஏறவில்லை. ஆனால் கண் அதன் மேலேயே இருந்தது. அது கற்றுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. முதலில் மேலே பட்டதை எடுத்தது. பிறகு மேலே வைத்ததை எடுத்தது. பிறகு தோலில் பதிந்ததை எடுத்தது. எதெல்லாம் ஒட்டியிருக்கிறதோ அதெல்லாம் அதற்குக் கறை.

கீழத்தெருவில் ஒரு பெண், புருஷன் தோசைக் கரண்டியைப் பழுக்கக் காய்ச்சிக் கன்னத்தில் இழுத்திருந்தான், ஊர்ப் பெரியவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசுவதாக இருந்தது. சனிக்கிழமை அவன் சமாதானம் பேசி, பூ வாங்கிக் கொடுத்து, அந்தக் காரில் அவளைப் பாபநாசம் கூட்டிப்போய் வந்தான். ஞாயிற்றுக்கிழமை அவள் கூட்டத்தில் வந்து நின்று முந்தானையை விலக்கினாள். கன்னம் சந்தனக் கட்டை மாதிரி வழுவழுவென்று இருந்தது. "எங்கேம்மா சுட்டான்?" என்று கேட்டார்கள். அவள் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் அவன் அண்ணாச்சிக்கு ஒரு கிலோ அல்வா கொண்டுவந்து கொடுத்தான். அண்ணாச்சி எங்களுக்கும் பங்கு வைத்தார். நான் தின்னவில்லை என்று பெருமையாகச் சொல்ல மாட்டேன். கையில் வாங்கிவிட்டேன், பிறகு நாய்க்குப் போட்டேன்.

மார்கழி கடைசியில் வாத்தியார் ஒருத்தருக்குச் சிறுநீரகத்தில் இருந்த கல் போய்விட்டது. மூன்று சவாரி. ஸ்கேன் படம் இரண்டையும், கல் இருக்கிறதையும் இல்லாததையும், டிராவல்ஸ் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினார்கள். அன்றைக்கு ஊர் கொண்டாடியது மாதிரி எந்தத் தேருக்கும் கொண்டாடவில்லை. மற்றவர்களுக்கு அது கல். நான் தண்ணீர் வாளியோடு நின்றபடியே நினைத்தேன்: அப்படியானால் இனி அதற்கு உள்ளே இருப்பதும் தெரியும்.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். சொரிமுத்து மாமா சாவியைக் கொண்டுவந்து அண்ணாச்சி மேசையில் வைத்துவிட்டுக் கொட்டகைக்கு வந்தார். மனுஷன் அந்தக் காரிலேயே கிடந்தவர். சின்ன வயதில் அடுப்பில் விழுந்த தழும்பு போனது, செத்துப்போன சம்சாரத்தின் பெயரை நெஞ்சில் பச்சை குத்தியிருந்தார், அது போன அன்று மட்டும் சாப்பிடாமல் இருந்தார், கைரேகை போனது, அப்போதும் வண்டியை விடவில்லை. இப்போது என் முன்னால் வந்து நின்று, கூச்சப்பட்டுக்கொண்டே, சட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"தாயி, இங்க பாரு. நான் சரியாத்தான் பாக்கேனா?"

அவர் வயிற்றில் தொப்புள் இல்லை. பூரிக் கட்டையால் தேய்த்த மாவு மாதிரி, நெஞ்சிலிருந்து இடுப்பு வரை ஒரே சமமாக இருந்தது.

"எங்கம்மா வயித்துல நான் இருந்ததுக்கு அது ஒண்ணுதான தாயி சாட்சி," என்றார். "இனி நான் அந்த வண்டியத் தொட மாட்டேன். பழைய வேன ஓட்டிக்கிடுதேன்."

அதற்கு இரண்டு நாள் கழித்துப் பூனை. கொட்டகையில் ஒரு சாம்பல் பூனை திரியும், நிறை சூல், வயிறு தரையைத் தொட்டுக்கொண்டு நடக்கும், நாங்கள் அதற்குச் சாக்கெல்லாம் விரித்து வைத்திருந்தோம். வெள்ளைக் காரின் கண்ணாடி கொஞ்சம் இறங்கியிருந்தது போல, அது உள்ளே போய்ப் பின் சீட்டில் படுத்துவிட்டது. காலையில் நான் கதவைத் திறந்தேன். பூனை எழுந்து, சோம்பல் முறித்து, இறங்கியது. வயிறு ஒட்டிப்போய், காலிப் பை மாதிரி ஆடியது. சீட்டில் குட்டி இல்லை. சீட்டுக்கு அடியில் இல்லை, டிக்கியில் இல்லை. ஒரு சொட்டு ரத்தம் இல்லை, ஒரு மயிர் இல்லை. மூன்று நாள் அந்தப் பூனை காரைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் தலையை விட்டுப் பார்த்தது. கத்தவில்லை. தேடியது, அவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமை அண்ணாச்சி மகளுக்கு வளைகாப்பு.

குழல்வாய்மொழி அக்கா அவருக்கு ஒரே பிள்ளை. கிழக்கே ஆலடிக்குளத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. கல்யாணமாகி எட்டு வருஷம், இரண்டு தடவை தங்கிக் கலைந்தது, போகாத கோயில் இல்லை, இப்போது ஏழு மாதம் நல்லபடியாக நிற்கிறது. ஊருக்கு வரும்போதெல்லாம் கொட்டகைக்கு வந்துவிடுவாள். முதலாளி மகள் என்று பார்க்காமல் ஈரத் தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, முத்தரசியைத் தொட்டிலில் இருந்து எடுத்து, "இன்னும் கொஞ்ச நேரம் வச்சுக்கிடட்டா உலகு?" என்று கேட்பாள். வளைகாப்பு மாப்பிள்ளை வீட்டில் நடக்கும், முடிந்ததும் அப்பா அம்மா மகளைத் தாய்வீட்டுக்குக் கூட்டி வருவார்கள். எந்த வண்டியில் கூட்டி வருவார் என்று நான் கேட்கவே வேண்டியதில்லை. காலையிலேயே மாலை வாங்கி வெள்ளைக் காரில் கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, அக்காவ இதுல கூட்டிட்டு வர வேண்டாம்."

"ஏன், உங்க வீட்டுக் கப்பல் வருதோ?"

"பூனையப் பாத்தீங்கள்லா."

"பூனை குட்டியக் கவ்விட்டு எடம் மாத்தும். இதெல்லாம் ஒரு விசயம்னு வந்து சொல்லுத."

"ஒரு சொட்டு ரத்தம் இல்ல அண்ணாச்சி."

"சுத்தமான வண்டில எங்கருந்து உலகு ரத்தம் இருக்கும்?" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எட்டு வருசம் காத்துக் கிடந்த பிள்ள. ஊர்ல உள்ள சீக்கு, தூசி ஒண்ணும் அவ மேல படக்கூடாது. இதவிடச் சுத்தமா ஒரு எடம் இருந்தா நீ சொல்லு, நான் அங்க வைக்கேன்."

அவர் பொய் சொல்லவில்லை. மகள் மேல் உள்ள பாசத்தில் பேசுகிறார். இத்தனைக்கும் அவரே அந்தக் காரில் ஏற மாட்டார், தலைக்கும் மீசைக்கும் அடித்திருக்கிற கறுப்புச் சாயம் போய்விடும் என்று. அன்றைக்கு மட்டும், சொரிமுத்து மாமா மாட்டேன் என்றுவிட்டதால், தலையில் துண்டைக் கட்டி, அங்கே போய் மறுபடி பூசிக்கொள்ளச் சாயப் புட்டியும் எடுத்துக்கொண்டு தானே ஓட்டிப் போனார்.

நானும் பகவதி அக்காவும் முத்தரசியோடு மாமாவின் வேனில் போனோம். வீடு நிறைய ஆள், ஏழு வகைச் சாதம், புளியோதரை வாசம், கண்ணாடி வளையல் சத்தம். குழல்வாய்மொழி அக்கா மணையில் உட்கார்ந்திருந்தாள், இரண்டு கன்னத்திலும் சந்தனம், நெற்றி நிறையக் குங்குமம், கையில் கருஞ்சிவப்பாகப் பிடித்த மருதாணி. பெண்கள் வரிசையாகப் போய் வளையல் போட்டார்கள். என் முறை வந்தது. பச்சை வளையலை அவள் விரல்களைக் கூட்டிப் பிடித்து ஏற்றுகிற சாக்கில் குனிந்து, காதோடு காதாகச் சொன்னேன், கல்லைச் சொன்னேன், தொப்புளைச் சொன்னேன், பூனையைச் சொன்னேன். அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, போட்டோ எடுக்கிறார்களே. என் விரலை மட்டும் வலிக்கிற மாதிரி இறுக்கினாள்.

"வேன் எங்க நிக்கு?"

"வாசல்லயே நிக்குக்கா."

"நான் அதுல வாரேன். ஏட்டி, நீ பக்கத்துலயே இரு."

பக்கத்திலேயே இருந்தேன், முத்தரசி பசித்து அழுகிறவரை. பின்கட்டில் போய் உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்டேன். ஒரு பக்கம் குடித்து முடிக்கவில்லை, வாசலில் குலவைச் சத்தம் கேட்டது, கார்க் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. மற்ற கார்கள் கதவு மூடினால் டொம் என்று கேட்கும். அது மூடினால் மூச்சை உள்ளே இழுக்கிற மாதிரி இருக்கும்.

பிள்ளையோடு ஓடி வந்தேன். வாசலில் பகவதி அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வேன்ல வாரேன்னு அந்தப் பிள்ளை எத்தன தடவ சொல்லிச்சு உலகு. அவ மாமியாக்காரி, 'எங்க வீட்டு வாரிசு ஓட்டை வேன்லயா போகணும்'னா. அண்ணாச்சி கையப் பிடிச்சு ஏத்திட்டாரு. சபையில வச்சு அப்பாவ எதுத்து எப்படிப் பேசுவா? அவ அம்மா முன்னால ஏறிட்டா, அவ பின்னால தனியா இருக்கா."

பிள்ளையை அவள் கையில் திணித்தேன். சொரிமுத்து மாமா என்னைக் கேட்கவே இல்லை, வேனை எடுத்துவிட்டார். பழைய வேன், மூன்றாவது கியர் விழாது, ஒவ்வொரு பள்ளத்திலும் கதவு தானாகத் திறந்து மூடும், மிதியடியில் மாதக் கணக்கில் சேர்ந்த மண்ணும் வேர்க்கடலைத் தோலும். அந்த அழுக்கில் காலை ஊன்றிக்கொண்டு நான் கணக்குப் போட்டேன். முதலில் மேலே பட்டது. பிறகு மேலே வைத்தது. பிறகு தோலில் பதிந்தது. பிறகுதான் உள்ளே. முதலில் சந்தனம், பிறகு குங்குமம், பிறகு மருதாணி, பிறகு... முதலில் சந்தனம், பிறகு குங்குமம், பிறகு மருதாணி. அதற்கு மேல் வாய் போகவில்லை, திரும்ப முதலில் இருந்து சொல்லிக்கொண்டே போனேன்.

ஆலடிக்குளம் தாண்டினால் ரயில்வே கேட். கேட் போட்டிருந்தது. அதற்கு முன்னால், வெயிலில், மாலையோடு வெள்ளைக் கார் நின்றது. மாலையில் பூ இல்லை, நார் மட்டும் தொங்கியது.

ஓடிப் போய்ப் பின் கண்ணாடியைத் தட்டினேன். கண்ணாடிக்குள் அக்கா தெரிந்தாள். கன்னம் வெறும் கன்னம், நெற்றி வெறும் நெற்றி. இரண்டு கையையும் வயிற்றின் மேல் குறுக்கே வைத்து, யாரோ பிடுங்க வருகிறதைக் காப்பாற்றுகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். முன்னால் இருந்து அண்ணாச்சி, "என்ன புள்ள, நடுரோட்டுல..." என்று திரும்பினார். துண்டு நழுவியிருந்தது. தலையும் மீசையும் பஞ்சாக வெளுத்து, நான் அதுவரை பார்க்காத ஒரு கிழவர் அங்கே இருந்தார். என்னைப் பார்த்தவர், என் பார்வை போன திசையில் திரும்பி மகளைப் பார்த்தார். கதவுப் பூட்டைத் திறக்கிற பொத்தானைத் தேடி அமுக்கினார்.

கதவு திறந்தது. அவளை அக்குளில் கை கொடுத்து வெளியே இழுத்தேன். வளையல்கள் என் கழுத்தில் கீறின. ரோட்டோரப் புழுதியில், நெருஞ்சிக்கு நடுவே உட்காரவைத்து, பட்டுச் சேலை பாழாகிறதே என்றுகூடத் தோன்றாமல் அவள் கையைப் பிரித்துப் பார்த்தேன். இடது கையில் மருதாணி இல்லை. வலது கையில் உள்ளங்கை வெளுத்து, விரல் நுனி ஐந்திலும் மட்டும் சிவப்பு மிச்சமிருந்தது. அந்த ஐந்து நுனியை நான் எண்ணினேன், மறுபடி எண்ணினேன்.

"அக்கா, நுனி இருக்கு. நுனி இருக்குக்கா, பாருங்க. இன்னும் முடியல அது."

அவள் கையைப் பார்க்கவில்லை. அண்ணாச்சி இறங்கி வந்து, கிட்டே வரப் பயந்து, நாலடி தள்ளி நின்றார். அவருடைய சம்சாரம் காரின் முன் கதவைப் பிடித்தபடி மூலஸ்தானத்தைப் பார்க்கிற மாதிரி எங்களைப் பார்த்தாள். சொரிமுத்து மாமா காருக்கும் எங்களுக்கும் நடுவில் வந்து முதுகைக் காட்டி நின்றுகொண்டார். காரின் பின் கதவு திறந்தே இருந்தது. உள்ளே சீட் வெள்ளை வெளேரென்று, அவள் உட்கார்ந்திருந்த பள்ளம்கூட இல்லாமல், நிமிர்ந்திருந்தது.

ரயில் வந்தது. நீளமான சரக்கு ரயில். தண்டவாளம் அதிர்ந்தது, தரை அதிர்ந்தது, உட்கார்ந்திருந்த எங்கள் இரண்டு பேர் உடம்பும் சேர்ந்து அதிர்ந்தது. அவள் என் கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றுக்கு மேலே கொண்டுபோனாள், ஆனால் வைக்கவிடாமல், ஒரு விரல்கட்டை இடைவெளியில் அப்படியே பிடித்திருந்தாள். அவள் உதடு என் காதோரம் வந்தது.

"நான் வச்சுப் பாத்துட்டேன் உலகு, எனக்குப் பயத்துல ஒண்ணும் தெரியல. நீ பிள்ள பெத்தவ. இந்த ரயில் போய் முடியட்டும், தரை அடங்கட்டும். அதுக்கப்புறம் கைய வச்சு, அசையுதான்னு நீ எனக்குச் சொல்லு."